கத்தரிக்கோல் பிடித்த கைக்கு மாநாடு எதற்கு?

(சாம்பியன் ரீப்ஸ் நிருபர்)

செவ்வாய்க்கிழமை சலூன்களுக்கு விடுமுறை. மற்ற ஆறு நாளும் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நின்ற கால்கள் அன்று ஒரு நாள்தான் நீட்டிப் படுக்கும். அந்த ஒரு நாளையும் விட்டுக்கொடுத்து, கைக்காசைப் போட்டு, ரயில் ஏறி, பெங்களூரில் நடக்கும் தொழில் கண்காட்சிக்கோ, கம்பெனிக்காரர்கள் நடத்தும் பயிற்சி முகாமுக்கோ, சங்கத்தின் கூட்டத்துக்கோ போகத்தான் வேண்டுமா? சாம்பியன் ரீப்ஸ், மாரிக்குப்பம், ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை என்று தங்கவயல் முழுவதும் கத்தரிக்கோல் பிடிக்கும் பலர் கேட்கும் கேள்வி இது. "எங்கப்பா கத்துக் கொடுத்த தொழிலு. இதுக்கு மேல யாரு என்ன சொல்லித் தரப் போறாங்க?" என்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனாலும் போக வேண்டும் என்பதே நமது கருத்து. மேடையில் நடக்கும் வேடிக்கையைப் பார்ப்பதற்காக அல்ல. வேறு காரணங்கள் இருக்கின்றன.

கண்ணாடிக்கு முன் தனி ஆள்

கொத்தனார் வேலை செய்வதைப் பக்கத்துக் கொத்தனார் பார்க்கிறார். தையற்காரர் தைத்த சட்டை தெருவில் நடந்து போகிறது. மற்ற தையற்காரர் நின்று பார்க்கலாம். சமையற்காரர் வேறு வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து ருசி பார்க்கலாம். முடிதிருத்தும் தொழிலாளிக்கு மட்டும் இந்த வசதி இல்லை. அடுத்த சலூனுக்குள் அவர் நுழைவதே இல்லை. தம் தலைமுடியைக்கூடத் தம் கடைப் பையனிடமோ தம்பியிடமோ கொடுத்து வெட்டிக்கொள்கிறார். இருபது வருடம் தொழில் செய்த ஒருவர் தம் குடும்பத்துக்கு வெளியே இன்னொருவரின் கை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்திருக்கவே மாட்டார். அந்தக் கையைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம், தொழிற்காரர்கள் நாலு பேர் கூடும் இடம்தான்.

தங்கவயலில் இது இன்னும் முக்கியம். சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளிதான் சலூனுக்குச் சோறு போட்டார். பூமிக்கு அடியில் 3 கிலோ மீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீப் சுரங்கத்தின் சங்கு ஊதினால் தெருவில் கூட்டம். ஒரே மாதிரி வெட்டு, ஒரே மாதிரி சவரம், மாதச் சம்பளத்தன்று கணக்குத் தீர்ப்பு. 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. இன்று விடியற்காலையில் சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ரயில் ஏறி ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்; இரவில் திரும்புகிறார்கள். அவர்களில் இளவட்டங்கள் தலைமுடியையும் அங்கேயே வெட்டிக்கொண்டு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நம் தெரு சலூனுக்கு வந்தால்கூட, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணே, இந்த மாதிரி வேணும்" என்கிறார்கள். அந்தப் படத்தில் இருப்பது எந்த அளவுச் சீப்பு மாட்டிய மெஷினில் வெட்டியது, காதுக்கு மேல் எங்கே மறைய வேண்டும் என்பதை வீடியோவில் பார்த்துக் கொஞ்சம் கற்கலாம். ஆனால் வெட்டுகிறவரின் மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது, கால் எங்கே நிற்கிறது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? வீடியோ பதில் சொல்லாது.

மேடையை விட்டு நடைபாதைக்கு

இத்தாலியில் பொலோனியா நகரில் 1967 முதல் அழகுக்கலைத் தொழிலுக்கென்றே பெரிய கண்காட்சி நடந்து வருகிறது. அந்தக் கண்காட்சியின் இந்தியக் கிளையாக மும்பையிலும் நடத்துகிறார்கள். உலக நாடுகளின் இளம் தொழிலாளர்கள் மோதும் வேர்ல்டு ஸ்கில்ஸ் போட்டியில் பற்றவைப்பு, தச்சு, மின்வேலையோடு முடிதிருத்தலும் ஒரு பிரிவு. நம் பக்கத்துப் பெங்களூரிலும் ஒயிட்பீல்டு, துமகூர் ரோடு மாதவாரா ஆகிய இடங்களில் பெரிய கண்காட்சி வளாகங்கள் இருக்கின்றன. ஒயிட்பீல்டு நம் ரயில் நிற்கும் ஊர்தான். மாதவாராவுக்கு 2024 நவம்பரிலிருந்து மெட்ரோ ரயிலும் போகிறது.

இப்படிப்பட்ட இடத்துக்கு முதல் தடவை போகிறவர் மேடையைப் பார்த்து மயங்கிவிடுவார். கண்ணைப் பறிக்கும் விளக்கு, காது கிழியும் பாட்டு, ஐந்து நிமிடத்தில் ஒரு தலை! அதை ஒரு தடவை பார்த்தால் போதும். மேடையில் வெட்டும் முடி நம் தெருவில் யாரும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. விஷயம் பக்கத்து நடைபாதையில் இருக்கிறது. கத்தரி சாணை பிடிப்பவரிடம் நின்று, எந்தக் கோணத்தில் பிடிக்கிறார் என்று பாருங்கள். நாற்காலி விற்கும் இடத்தில் உயரத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள். குனிந்து குனிந்தே முதுகு போனவர்கள் இந்தத் தொழிலில் எத்தனை பேர்! சாப்பாட்டு வரிசையில் முன்னால் நிற்பவர் தும்கூர்க்காரரோ ஓசூர்க்காரரோ, அவரிடம் "உங்க ஊரில் கட்டிங் எவ்வளவு? ஆள் கூலி எப்படி, நாள் கூலியா, பாதிக்குப் பாதியா?" என்று கேளுங்கள். பக்கத்துத் தெருக்காரர் உங்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டார், போட்டி. ஓசூர்க்காரர் சொல்வார்.

கடைவிரிப்பவர்கள் பொருள் விற்கத்தான் வருகிறார்கள். "இன்று மட்டும் பாதி விலை" என்ற வார்த்தையில் விழுந்து, ஊரில் யாரும் கேட்காத சாமானைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்துவிடக் கூடாது. ஆனால் அங்கே ஒரு லாபம் உண்டு. கம்பெனி ஆள் நேரில் நிற்கிறார், கேள்வி கேட்கலாம். முடியை நேராக்கும் மருந்தில் பார்மால்டிஹைடு இருக்கிறதா? சூடு பட்டதும் ஆவியாகக் கிளம்பும் இந்த ரசாயனம் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. பத்துக்குப் பத்து அறை, ஒரே ஒரு கதவு, ஜன்னல் கிடையாது என்றிருக்கும் நம் சலூன்களில் அதை முதலில் சுவாசிப்பவர் வாடிக்கையாளர் அல்ல, கடைக்காரர். முடிச்சாயத்தில் பி.பி.டி. என்ற பொருள் எவ்வளவு? சிலருக்கு அது ஒவ்வாது, முகம் வீங்கிவிடும். காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி, 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் தலைக்குப் பூச வேண்டும். இதையெல்லாம் கேட்டால் தடுமாறும் கம்பெனி ஆளிடம் வாங்காதீர்கள். அவ்வளவுதான்.

பெரிய பெயர் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டியதுமில்லை. 2022 ஜனவரியில் உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகரில் நடந்த ஒரு பயிலரங்கில் நாடறிந்த சிகைக் கலைஞர் ஒருவர், தண்ணீர் குறைவாக இருந்தால் இப்படிச் செய்யலாம் என்று கூறி, மேடையில் உட்கார வைத்திருந்த பெண்ணின் தலையில் எச்சில் துப்பினார். வீடியோ நாடெங்கும் பரவியது. தேசிய மகளிர் ஆணையம் தலையிட்டது. போலீஸ் வழக்கும் பதிவாகியது. அவர் மன்னிப்புக் கேட்டார். அந்த மேடையில் உட்கார்ந்திருந்த பெண்ணும் அழகு நிலையம் நடத்துபவர்தான். பிறகு அவர் வெளிப்படையாகச் சொன்னது, இனி தெருவோரக் கடைக்காரரிடம் வேண்டுமானாலும் முடிவெட்டிக்கொள்வேன், இவரிடம் மாட்டேன் என்பதே. தெருவோரக் கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய நற்சான்று யார் கொடுத்தார்கள்?

கழுத்தும் படிகாரமும்

சங்கக் கூட்டங்களில் ஒரு டாக்டரைக் கூப்பிட்டுப் பத்தே நிமிடம் பேசச் சொன்னால் போதும், சில உயிர்கள் பிழைக்கும். மிகையாகச் சொல்லவில்லை.

சவரம் முடிந்ததும் தலையைப் பிடித்து இடமும் வலமும் 'சடக்'கென்று சொடுக்கு எடுப்பது நம் சலூன்களின் வழக்கம். வாடிக்கையாளரே கேட்டு வாங்கிக்கொள்கிறார். 2024-ல் நம் கர்நாடகத்தின் பெல்லாரியைச் சேர்ந்த 30 வயது இளைஞர் ஒருவருக்கு இப்படிச் சொடுக்கு எடுத்ததில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயின் உட்சுவர் கிழிந்து, பக்கவாதம் வந்தது. பெங்களூரில் சிகிச்சை பெற்றுத் தப்பினார். தலையைப் பின்னால் சாய்த்துத் தொட்டியில் வைத்து அலசும்போதும் கழுத்து அளவுக்கு மீறி வளைந்தால் இதே ஆபத்து. அமெரிக்க டாக்டர் ஒருவர் 1993-லேயே இப்படிப் பாதிக்கப்பட்ட ஐந்து பெண்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கழுத்துக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைப்பது பெரிய செலவில்லை. சொடுக்கு எடுப்பதை அடியோடு நிறுத்துவதற்குச் செலவே இல்லை. ஆனால் ஒரே ஒரு கடைக்காரர் நிறுத்தினால், "அந்தக் கடையில் சொடுக்கு எடுப்பார்களே" என்று வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். எல்லோரும் ஒரே நாளில் நிறுத்தினால்தான் முடியும். அதற்குக் கூட வேண்டும்.

பிளேடு விஷயம் இன்று பரவாயில்லை. 1986-ல் சென்னையில் எய்ட்ஸ் கிருமி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நடந்த பிரச்சாரத்தால், ஆளுக்கு ஒரு புதுப் பிளேடு என்பது பழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளரே உறையைக் கிழிப்பதைப் பார்த்த பிறகுதான் கன்னத்தைக் காட்டுகிறார். ஆனால் அந்தப் படிகாரக் கட்டி? காலையில் முதல் ஆளின் வெட்டுக்காயத்தில் தேய்த்த அதே கட்டிதான் ராத்திரி கடைசி ஆளின் கன்னத்திலும் தேய்க்கப்படுகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாள் வரை உயிரோடு இருக்கக் கூடியது. படிகாரத்தைப் பொடித்து, ஆளுக்குக் கொஞ்சம் பஞ்சில் தொட்டு வைத்தால் தீர்ந்தது. மெஷினின் பல்லையும் ஒவ்வொரு தலைக்கும் பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். இதைச் சொல்லித் தர ஆள் வேண்டாம் என்பவர்கள், தங்கள் கடைப் படிகாரத்தை ஒரு தடவை எடுத்துப் பார்க்கட்டும்.

சலூன்காரர் நோயைத் தடுப்பவர் மட்டுமல்ல, கண்டுபிடிப்பவராகவும் ஆகலாம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் கறுப்பின மக்கள் வரும் 52 சலூன்களில் ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். 2018-ல் முடிவு வெளியாயிற்று. ரத்தக் கொதிப்பு உள்ள 319 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதி சலூன்களில், முடிதிருத்துபவர் சொல்லி, மருந்தாளுநர் கடைக்கே வந்து அழுத்தம் பார்த்து மருந்து கொடுத்தார். மறு பாதியில் "டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்வதோடு சரி. ஆறு மாதத்தில் முதல் பிரிவினருக்கு மேல் அளவு சராசரியாக 27 புள்ளி குறைந்தது; மற்றவர்களுக்கு 9 புள்ளிதான். டாக்டரிடம் போகத் தயங்கும் ஆண்பிள்ளையும் மாதம் ஒரு தடவை சலூன் நாற்காலியில் உட்காருகிறான். சுரங்கத்தில் பாறைத் தூசியைச் சுவாசித்து ஓய்ந்த பெரியவர்கள் இன்றும் நம் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். சவரத்துக்கு உட்காரும் அவர்களின் மூச்சு வாங்குவதை அருகில் நின்று கேட்பவர் யார்?

பம்பாயில் எடுத்த முடிவு

கூடுவதால் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட சாட்சி ஒன்று உண்டு. கணவனை இழந்த பெண்ணின் தலையை மழிப்பது ஒரு காலத்தில் சில சாதிகளில் கட்டாய வழக்கம். சீர்திருத்தக்காரர்கள் எழுதினார்கள், பேசினார்கள். ஆனால் கத்தி இருந்தது முடிதிருத்தும் தொழிலாளியின் கையில் அல்லவா? ஜோதிராவ் புலேயின் தோழரும், 'தீனபந்து' பத்திரிகை ஆசிரியரும், பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டியவருமான நாராயண் மேகாஜி லோகாண்டே முயற்சி எடுத்தார். 1890-ல் பம்பாயில் நூற்றுக்கணக்கான முடிதிருத்தும் தொழிலாளர்கள் ஒன்றுகூடி, இனி விதவைகளின் தலையை மழிக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டார்கள். வருமானத்தை விட்டுக்கொடுத்து எடுத்த தீர்மானம். தனி ஒருவர் மறுத்திருந்தால் ஊர் அவரைத் துரத்திவிட்டு வேறொருவரை அழைத்திருக்கும்.

தனி ஒருவர் மறுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழங்காலம் போக வேண்டாம். 2020 நவம்பரில் மைசூர் மாவட்டம் நஞ்சன்கூடு தாலுகா ஹல்லரே கிராமத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு முடிவெட்டினார் என்பதற்காக ஒரு சலூன்காரருக்கு ஆதிக்கச் சாதிக்காரர்கள் 50 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்து, அவர் குடும்பத்தை ஊர்விலக்கம் செய்தார்களாம். தங்கவயலுக்கு வட ஆற்காடு முதலான சீமைகளிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த நம் பாட்டன்மாரில் பலர், சொந்த ஊரில் இப்படி மறுக்கப்பட்ட மக்கள்தாம். அந்த நாற்காலியின் மதிப்பு இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஹல்லரேயில் நின்ற அந்த ஒரு மனிதருக்குப் பின்னால் தாலுகாவின் அத்தனை சலூன்களும் அன்றே கதவைச் சாத்தியிருந்தால், அபராதம் கேட்டவர்கள் தாடியோடு அல்லவா திரிந்திருப்பார்கள்!

சங்கம் என்றால் என்ன என்று தங்கவயலுக்குப் பாடம் நடத்துவதும் வேடிக்கைதான். 1930-லும் 1946-லும் வேலைநிறுத்தம் செய்து சுரங்க முதலாளிகளை உலுக்கிய ஊர் இது. ஆனால் அந்தச் சங்கங்கள் சுரங்கக் கூலிக்காக எழுந்தவை. தெருவோரம் கண்ணாடி மாட்டியவர் அவற்றுக்கு வெளியே நின்றவர்.

பெயர் பதிவும் பணமும்

இனி நடைமுறைக் கணக்குக்கு வருவோம். ஊரடங்கில் சலூன்கள் மூடிக் கிடந்தபோது, 2020 மே 6-ம் தேதி கர்நாடக அரசு நிவாரணம் அறிவித்தது. மாநிலத்தில் 2 லட்சத்து 30 ஆயிரம் முடிதிருத்தும் தொழிலாளர்களுக்கும் 60 ஆயிரம் சலவைத் தொழிலாளர்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய். 2021-ல் மறுபடி மூடியபோது 2,000 ரூபாய். ஆனால் பணம் தானாக வீடு தேடி வரவில்லை. விண்ணப்பம் போட வேண்டும். இந்தத் தொழில்தான் செய்கிறார் என்பதற்குச் சான்று வேண்டும். வாடகைக் கட்டிடத்தில் லைசென்சு இல்லாமல் கடை நடத்துபவரும், அவரிடம் கூலிக்கு நிற்பவரும் அந்தச் சான்றுக்கு எங்கே போவார்கள்? எந்தப் படிவம், யார் கையெழுத்து, கடைசித் தேதி எது என்ற செய்தி கூட்டத்துக்குப் போகிறவர்களிடம்தான் முதலில் சுற்றும்.

தமிழ்நாட்டில் முடிதிருத்துவோருக்கெனத் தனி நல வாரியமே இருக்கிறது. கர்நாடகத்தில் தனி வாரியம் இல்லை. ஆனால் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு வாரியத்தின் அம்பேத்கர் சகாய ஹஸ்த திட்டத்தில் தையற்காரர், மெக்கானிக், சலவைத் தொழிலாளர் ஆகியோரோடு முடிதிருத்துபவரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பதிந்தால் அடையாள அட்டை. தாய்மொழி தமிழ் என்பது இதற்குத் தடையே இல்லை. ஆனால் படிவமும் அறிவிப்பும் கன்னடத்தில் இருக்கும் என்பதால் நம்மவர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். கன்னடம் படிக்கத் தெரிந்த பையன் ஒருவன் கூட்டத்தில் இருந்தால் ஐம்பது பேர் படிவம் நிரம்பிவிடும்.

2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய மத்திய அரசின் விசுவகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் முடிதிருத்தலும் ஒன்று. ஐந்து முதல் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி, நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவி வாங்க 15 ஆயிரம், பிறகு 5 சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சமும் அடுத்து இரண்டு லட்சமும் கடன் என்பது அதன் ஏற்பாடு. "பயிற்சியில் தெரியாததா சொல்லித் தரப் போகிறார்கள்" என்று முகம் சுளிக்கும் அனுபவசாலிகள், அந்த வகுப்பில் கூட உட்காரும் மற்றவர்களிடமிருந்து கற்பதை மறந்துவிடுகிறார்கள்.

பொன்னாடை போக மீதி

சங்கக் கூட்டங்களைப் பற்றி வரும் புகாரும் உண்மையே. பத்து மணி என்றால் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். வந்த பிரமுகருக்குப் பொன்னாடை, அவருக்கு முன்னால் வந்தவருக்கு மாலை, வரவேற்புரை, வாழ்த்துரை, மறுபடி பொன்னாடை. தொழிலைப் பற்றிப் பேச்சு எடுக்கும்போது சாப்பாட்டு மணி அடித்துவிடும். கூட்டத்தைப் பயனுள்ளதாக்குவது போகிறவர்கள் கையில்தான். பொன்னாடை செலவில் சாணைக்கல் ஒன்று வாங்கி, கத்தரி தீட்டத் தெரிந்த பெரியவரை முன்னால் உட்கார வைத்து, "மாமா, எங்களுக்கும் காட்டுங்க" என்று கேட்டால், எந்தப் பிரமுகரும் தராத பாடம் அது.

பெங்களூர்க் கடைகளோடு குளிர்சாதனத்திலும் விளக்கிலும் போட்டியிட நம் தெருக் கடையால் முடியாது. தூத்துக்குடி மில்லர்புரத்தில் பொன். மாரியப்பன் போட்டியிட்டது வேறு விதத்தில். தம் சிறிய சலூனுக்குள் நூலகம் வைத்தார்; காத்திருப்பவர்கள் படிக்கிறார்கள்; படிப்பவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. 2020 அக்டோபரில் பிரதமரின் வானொலி உரையில் அவர் தமிழிலேயே பேசினார். புத்தகம் வேண்டுமா, ரத்த அழுத்தக் கருவி வேண்டுமா, வேறு ஏதாவதா என்பதைச் சாம்பியன் ரீப்ஸ் கடைக்காரர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும்.

எல்லோரும் போக வேண்டும் என்றும் இல்லை. தெருவுக்கு ஒருவர் போனால் போதும். ரயில் கட்டணத்தையும் நுழைவுக் கட்டணத்தையும் நாலு கடை பகிர்ந்துகொள்ளலாம். போனவர் அடுத்த செவ்வாய்க்கிழமை தம் கடையைத் திறந்து வைத்து, மற்ற மூவருக்கும் செய்து காட்ட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. உட்கார்ந்து தலை கொடுக்க ஆளுக்குப் பஞ்சமிருக்காது. அன்று கட்டிங் இலவசம் என்று சொன்னால், ரயில்வே குவார்ட்டர்சிலிருந்து முதல் ஆளாக வர இந்த நிருபர் தயார்.